ஸ்ட்ரெச்சரில் இறங்கும் விண்வெளி வீரர்கள்: எடையில்லாத இடத்தில் உடலுக்கு என்ன ஆகிறது?

2025 மார்ச்சில் சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் பூமிக்குத் திரும்பியபோது, கலத்திலிருந்து ஒவ்வொருவராக வெளியே எடுத்து ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கொண்டுபோன காட்சியை நம் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. எட்டு நாளில் திரும்புவதாகப் போனவர்கள் 286 நாள் கழித்து வந்திருந்தார்கள். 2024 நவம்பரிலேயே சுனிதாவின் கன்னம் ஒட்டிப்போன படம் ஒன்று பரவி, அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று பலரும் கவலைப்பட்டார்கள். போகும்போது இருந்த எடைதான் இப்போதும் இருக்கிறது என்று அவரே விண்வெளியிலிருந்து விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்ட்ரெச்சரைப் பார்த்தும் பயந்துவிட வேண்டாம். நீண்ட நாள் தங்கித் திரும்பும் எல்லோருக்கும் அதுதான் வழக்கமான ஏற்பாடு.

என்றாலும், நன்றாக இருக்கிற ஒருவரை ஏன் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தேடிப் போனால், விண்வெளி உடலைக் கெடுத்துவிடுகிறது என்ற பொதுவான எண்ணம் பாதிதான் சரி என்று தெரிகிறது. உடல் அங்கே நிறைய விஷயங்களில் ஜெயிக்கிறது. எடையே இல்லாத இடத்துக்கு என்ன தேவையோ அதை வைத்துக்கொண்டு, தேவைப்படாததை மளமளவென்று விட்டுவிடுகிறது. விட்டதெல்லாம் தரையில் கால் வைத்ததும் மறுபடி தேவைப்படுவதுதான் சிக்கல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையம் பறக்கும் உயரம் சுமார் 400 கிலோமீட்டர். அங்கே புவியீர்ப்பு இல்லாமல் போவதில்லை. தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. நிலையம் மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருக்கிறது, உள்ளே இருப்பவர்களும் அதோடு சேர்ந்து விழுகிறார்கள். கீழே தாங்குவதற்கு எதுவும் இல்லாததால் எடையை உணர முடிவதில்லை. உடல் தன் வாழ்நாள் முழுக்கச் சுமந்த சுமை, ராக்கெட் என்ஜின் அணைந்த அந்த நொடியிலேயே காணாமல் போகிறது.

உடனே தெரிவது ரத்த ஓட்டத்தில். நாம் நிற்கும்போது ரத்தமும் மற்ற நீரும் கால் பக்கம் இறங்கப் பார்க்கின்றன. இதயமும் கால் தசைகளும் ரத்தக் குழாய்களும் சேர்ந்து அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. எடை போனதும் இறங்குவது நின்றுவிடுகிறது, மேலே தள்ளுகிற பழக்கம் மட்டும் தொடர்கிறது. ஏறக்குறைய இரண்டு லிட்டர் நீர் காலிலிருந்து மார்புக்கும் தலைக்கும் நகர்கிறது. முகம் உப்புகிறது, கழுத்து நரம்புகள் புடைக்கின்றன, கால்கள் குச்சி மாதிரி ஆகின்றன. சளி பிடித்தது போல மூக்கு அடைக்கிறது. சாப்பாட்டில் ருசி தெரிவதில்லை என்று பலர் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே காரமான சாஸுக்கு எப்போதும் கிராக்கிதான்.

மேலே நீர் கூடியதைப் பார்த்து, உடம்பில் மொத்தமாகவே நீர் அதிகம் என்று உடல் கணக்குப் போடுகிறது. அதனால் சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியில் 10 முதல் 15 சதவீதம் குறைந்துவிடுகிறது. சிவப்பணுக்களும் குறைகின்றன. இது முதல் சில நாளில் நடந்து முடிந்துவிடும் விஷயம் என்றுதான் வெகு காலம் நம்பினார்கள். கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கை ட்ரூடெல் குழு 14 விண்வெளி வீரர்களை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. பூமியில் நம் உடல் நொடிக்கு சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களை அழித்து, அதே அளவு புதிதாக உண்டாக்குகிறது. விண்வெளியில் நொடிக்கு 30 லட்சம் அழிகின்றன, அதுவும் ஆறு மாதப் பயணம் முழுக்க. மிதந்துகொண்டிருக்கும்வரை இந்த ரத்தசோகை பெரிதாகத் தெரியாது. நிற்க வேண்டி வரும்போதுதான் தெரியும்.

தரையிறங்கும் நாளில் இரண்டு லிட்டர் நீரும் சரசரவென்று காலுக்கு இறங்கும். மொத்த ரத்தமே குறைந்திருக்கும். இதயமும் சுலபமான வேலைக்குப் பழகிச் சற்றுச் சுருங்கியிருக்கும். எழுந்து நின்றால் மூளைக்குப் போதுமான ரத்தம் ஏறாமல் கண் இருட்டும், சிலர் மயங்கியும் விழுவார்கள். இதைச் சமாளிக்க, இறங்குவதற்குச் சில மணி நேரம் முன்னால் உப்பும் தண்ணீருமாகக் குடிக்கச் சொல்கிறார்கள். காலையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கும் உடையும் போட்டுக்கொள்கிறார்கள். ஸ்ட்ரெச்சருக்கான முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் காதுக்குள் இருக்கிறது. உள்காதில் கால்சியம் கார்பனேட்டால் ஆன மிகச் சிறிய துகள்கள் இருக்கின்றன. தலை சாயும்போது அவை எந்தப் பக்கம் இழுக்கின்றன என்பதை வைத்துத்தான் எது கீழே, எது மேலே என்று மூளை தெரிந்துகொள்கிறது. எடையில்லாத இடத்தில் அவை எந்தப் பக்கமும் இழுப்பதில்லை. கண் ஒன்று சொல்ல, காது வேறொன்று சொல்ல, மூளை குழம்பி வயிற்றைப் புரட்டுகிறது. 1961 ஆகஸ்டில் வோஸ்டாக் 2 கலத்தில் ஒரு நாளுக்கு மேல் சுற்றிய சோவியத் வீரர் கெர்மன் டிடோவ்தான் இதை முதலில் அனுபவித்தவர். அப்போது அவருக்கு வயது 25. பயிற்சி பெற்ற போர் விமானிக்கே இப்படியா என்று அன்று அதிர்ந்தார்கள். இன்றைக்கும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் குமட்டலும் வாந்தியும் உண்டு. வீரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அப்புறம் மூளை காதை நம்புவதை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் நம்பக் கற்றுக்கொள்கிறது, எல்லாம் சரியாகிவிடுகிறது. பூமிக்கு வந்ததும் அதே பாடத்தைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். தலையைச் சட்டென்று திருப்பினால் உலகமே சுழலும். கை கால்களுக்கும் இந்தக் குழப்பம் உண்டு. 2025 ஜூன், ஜூலையில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய் வந்த நம் சுபான்ஷு சுக்லா, திரும்பியபின் படமெடுக்க வாங்கிய கைபேசி கனமாக இருந்தது என்று சொன்னார். மடிக்கணினியை மூடிவிட்டு, அது மிதக்கும் என்ற நினைப்பில் கட்டிலுக்குப் பக்கத்தில் அப்படியே தள்ளிவிட்டார். அது தரையில் விழுந்தது. சுமார் மூன்று வாரப் பயணத்துக்கே இப்படி.

எலும்பின் கதை இவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை. எலும்பு உயிருள்ள திசு. ஒரு பக்கம் கரைந்துகொண்டும் ஒரு பக்கம் கட்டப்பட்டுக்கொண்டும் இருக்கும். எங்கே எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை அதன் மேல் விழும் சுமை தீர்மானிக்கிறது. சுமை போனால் கட்டுவது குறைகிறது, கரைவது கூடுகிறது. இடுப்பு, தொடை போன்ற உடலைத் தாங்கும் எலும்புகளில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் அடர்த்தி போகிறது. பூமியில் வயதானவர்கள் ஓர் ஆண்டில் இழப்பதை இவர்கள் ஒரே மாதத்தில் இழக்கிறார்கள். கரைந்த கால்சியம் ரத்தம் வழியாகச் சிறுநீருக்குப் போகிறது. அதனால் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

இதற்கு ஒரு விநோதமான சாட்சி கிடைத்தது. விண்வெளி நிலையத்தில் சிறுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கும் கருவி இருக்கிறது. 2009இல் அது அடைத்துக்கொண்டு நின்றுபோனது. பிரித்துப் பார்த்தால் உள்ளே கால்சியம் சல்பேட் படிந்திருந்தது. பூமியில் சோதித்தபோது வராத சிக்கல் மேலே ஏன் வந்தது? அங்கே இருப்பவர்களின் சிறுநீரில் அவர்கள் எலும்பிலிருந்து வந்த கால்சியம் கூடுதலாக இருந்தது. கருவியை வடிவமைத்தவர்கள் அதை முழுதாகக் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. எலும்பு கரைவதைப் பற்றி எத்தனை வரைபடம் பார்த்தாலும், அந்தக் கருவிக்குள் படிந்த படிவம் சொல்வது போல வராது.

தசையும் இதே வழிதான். குறிப்பாகக் கெண்டைக்கால், தொடை, முதுகு: நம்மை நிமிர்ந்து நிற்க வைக்கும் தசைகள்தான் முதலில் மெலிகின்றன. 1970 ஜூனில் சோயுஸ் 9 கலத்தில் 18 நாள் இருந்த ஆண்ட்ரியன் நிகோலயேவும் விட்டாலி செவஸ்தியானோவும் இறங்கியபோது தாங்களாக நிற்கக்கூட முடியவில்லை. அவர்கள் நிலையைப் பார்த்துப் பயந்துபோன பிறகுதான் உடற்பயிற்சி கட்டாயமானது. இன்று நிலையத்தில் ஒவ்வொருவரும் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதற்கு ஒதுக்க வேண்டும். எடை தூக்கும் பயிற்சிக்கு அங்கே இரும்புக் குண்டுகளால் பயனில்லை, அவையும் மிதக்கும். அதற்குப் பதிலாக வெற்றிட உருளைகளை இழுக்கும் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள், அதில் 270 கிலோ வரை எதிர்ப்பு வைத்துக்கொள்ளலாம். ஓடும் கருவியில் ஓட வேண்டுமானால், தோளிலும் இடுப்பிலும் வாரைக் கட்டி உடம்பைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் ஓடும் அதிர்வு நிலையத்தையே ஆட்டாதிருக்க, கருவியைத் தாங்கி ஒரு தனி அமைப்பும் உண்டு.

பலன் இருக்கிறது. 2008க்குப் பின் வந்த இந்த எடைப்பயிற்சிக் கருவியும், போதுமான உணவும், வைட்டமின் டியும் சேர்ந்து எலும்பு இழப்பை வெகுவாகக் குறைத்திருக்கின்றன. எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரையும் உதவுகிறது. என்றாலும் முழுத் தீர்வு இல்லை. 17 விண்வெளி வீரர்களின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பை நுணுக்கமாகப் படமெடுத்துப் பார்த்து 2022இல் வெளியான ஆய்வில், பூமிக்கு வந்து ஓராண்டு ஆன பிறகும் 9 பேருக்கு அது பழைய நிலைக்கு வரவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் தங்கியவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம். எலும்பின் உட்புறம் நுண்ணிய குச்சிகள் பின்னியது போன்ற அமைப்பு. அதில் ஒரு குச்சி மொத்தமாக அறுந்துவிட்டால், மிச்சமிருப்பவை தடிக்கலாமே ஒழிய அறுந்த இடத்தில் புதிது முளைப்பது அரிது.

சின்ன மாற்றங்களும் உண்டு. முதுகெலும்பின் டிஸ்குகள் அழுத்தம் இல்லாமல் விரிந்து உயரம் சில சென்டிமீட்டர் கூடும், முதுகுவலியும் வரும். உள்ளங்காலால் நடக்கிற வேலையே இல்லாததால் அங்கே தடித்திருந்த தோல் உரிந்து குழந்தையின் பாதம் போல மிருதுவாகிவிடும். கம்பிகளில் காலை மாட்டி மாட்டி நிற்பதால் பாதத்தின் மேற்பக்கம்தான் காய்த்துப்போகும்.

இதுவரை சொன்னதெல்லாம் உடல் காரணத்தோடு செய்துகொள்ளும் மாற்றங்கள். அப்படிச் சொல்லிவிட முடியாதவையும் இருக்கின்றன. என்னை அதிகம் கவலைப்பட வைப்பவை அவைதான்.

கண்ணை எடுத்துக்கொள்ளலாம். 2005இல் விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் இருந்த ஜான் ஃபிலிப்ஸுக்குப் பார்வை மங்கியது. போகும்போது 20/20, அதாவது இயல்பாக இருந்த பார்வை, வந்தபின் 20/100 ஆக மங்கியிருந்தது. பரிசோதித்தபோது விழியின் பின்பக்கம் தட்டையாகியிருந்தது தெரிந்தது. அதே போன்ற மாற்றங்கள் வேறு பலருக்கும் இருப்பது பிறகு தெரியவந்தது: பார்வை நரம்பின் முனையில் வீக்கம், விழித்திரைக்குப் பின்னால் மடிப்புகள், கிட்டத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாமை. மாதக்கணக்காகத் தலைப்பக்கம் தேங்கும் நீர் முக்கியமான காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் ஒரே நிலையத்தில் ஒரே அளவு காலம் இருந்தாலும் சிலருக்கு வருகிறது, சிலருக்கு வருவதில்லை. பூமிக்கு வந்ததும் சிலருக்குச் சரியாகிறது, சிலருக்கு ஆண்டுக்கணக்கில் மிச்சம் இருக்கிறது. இப்போதைக்குச் செய்ய முடிவது, வயதில் மூத்தவர்களுக்குக் கூடுதல் பவர் உள்ள கண்ணாடியைக் கையோடு கொடுத்தனுப்புவது. ரஷ்யர்களின் சிபிஸ் என்ற கால்சட்டை, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து நீரைக் காலுக்கு இழுக்கும். அதை வைத்தும் சோதனைகள் நடக்கின்றன.

தலைப்பக்கம் நீர் தேங்குவதில் இன்னோர் ஆபத்து தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. கழுத்துச் சிரையில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க 11 வீரர்கள் தங்களுக்குத் தாங்களே அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொண்டார்கள். ஆறு பேருக்கு ரத்தம் அங்கே தேங்கி நின்றது, அல்லது பின்னோக்கி ஓடியது. ஒருவருக்கு, பயணம் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்த நேரத்தில், இடது பக்கச் சிரையில் ரத்தம் கட்டியிருந்தது. வலியோ வேறு அறிகுறியோ எதுவும் இல்லை. அந்த ஆய்வு மட்டும் இல்லையென்றால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அதன்பின் நடந்தது விரிவாகப் பதிவாகியிருக்கிறது. வட கரோலைனா பல்கலைக்கழகத்தின் ரத்த உறைவு நிபுணர் ஸ்டெஃபான் மோல் தரையிலிருந்து வழிகாட்டினார். நிலையத்து மருந்துப் பெட்டியில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் எனாக்ஸாபரின் ஊசி மருந்து கொஞ்சம்தான் இருந்தது, அடுத்த சரக்குக் கலம் வரும்வரை அதைக் கணக்குப் பார்த்துப் போட வேண்டும். எடையில்லாத இடத்தில் குப்பியிலிருந்து மருந்தைச் சிரிஞ்சில் உறிஞ்சுவதே ஒரு வேலை. ஏறக்குறைய 40 நாள் ஊசியில் ஓட்டி, சரக்குக் கலம் அதே வேலையைச் செய்யும் அபிக்ஸபான் மாத்திரையைக் கொண்டுவந்ததும் அதற்கு மாறினார்கள். நடுவில் ஒரு நாள் மோல் வீட்டுத் தொலைபேசி ஒலிக்க, மறுமுனையில் விண்வெளியிலிருந்து அந்த நோயாளியே பேசினார். பூமிக்கு வந்து பத்து நாளில் கட்டி மறைந்துவிட்டது. இந்த நல்ல முடிவுக்குக் கைகொடுத்தவை என்னென்ன என்று பாருங்கள்: உடனுக்குடன் பேச முடிகிற தூரம், நடுவில் வந்து சேர்ந்த சரக்கு, சில மணி நேரத்தில் தரையிறங்கிவிடலாம் என்ற வசதி. 1985இல் சல்யூட் 7 நிலையத்தில் விளாடிமிர் வாஸ்யூட்டினுக்கு நோய் முற்றியபோது பயணத்தையே பாதியில் முடித்துக்கொண்டு இறங்கினார்கள். செவ்வாய்க்குப் போகும் வழியில் இந்த மூன்றுமே கிடையாது. அங்கிருந்து ஒரு சொல் பூமிக்கு வந்து சேரவே 20 நிமிடத்துக்கு மேல் ஆகலாம்.

கதிர்வீச்சுக்கும் உடலிடம் பதில் இல்லை. பூமியில் இயற்கையாக நமக்கு ஆண்டுக்குச் சராசரியாகக் கிடைப்பது சுமார் 2.4 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் இருந்தால் 80 முதல் 160 மில்லிசீவர்ட் வரை சேரும். அதுவும் பூமியின் காந்தப்புலம் பெரும்பகுதியைத் தடுத்த பிறகு. அந்தக் காந்தப்புலத்தைத் தாண்டிப் போன அப்போலோ வீரர்கள் கண்ணை மூடியிருக்கும்போதும் ஒளிப் பொறிகள் தெரிந்ததாகச் சொன்னார்கள். விண்கதிர்த் துகள்கள் கண்ணை ஊடுருவிப் போனதால் வந்தவை அவை. செவ்வாய்க்குப் போன கியூரியாசிட்டி கலத்தில் இருந்த கருவி, வழி நெடுக நாளுக்கு சுமார் 1.8 மில்லிசீவர்ட் பதிவு செய்தது. போகவும் வரவும் மட்டும் கணக்கிட்டால் சுமார் 660. நாசா தன் வீரர் ஒருவருக்கு வாழ்நாள் முழுமைக்கும் வைத்திருக்கும் வரம்பு 600. சூரியப் புயல் இந்தக் கணக்கில் சேரவில்லை. 1972 ஆகஸ்டில் அப்படியொரு பெரும் புயல் வந்தது. அப்போலோ 16 ஏப்ரலில் திரும்பியிருந்தது, அப்போலோ 17 டிசம்பரில்தான் கிளம்பியது. நடுவில் யாரும் நிலவில் இல்லாதது அதிர்ஷ்டம் மட்டுமே.

மரபணு பற்றி ஒரு தவறான செய்தி இன்னும் உலவுகிறது. ஸ்காட் கெல்லி 340 நாள் விண்வெளியில் இருந்துவிட்டு 2016இல் திரும்பியபின், பூமியிலேயே இருந்த அவருடைய இரட்டையர் மார்க் கெல்லியோடு அவரை ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். ஸ்காட்டின் மரபணுவில் 7 சதவீதம் மாறிவிட்டது, இனி அவர்கள் இரட்டையரே இல்லை என்கிற அளவுக்குச் செய்திகள் வந்தன. மரபணு அப்படியே இருந்தது. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதில் விண்வெளியில் ஏற்பட்ட மாற்றங்களில் 90 சதவீதத்துக்கு மேல் ஆறு மாதத்தில் பழையபடி ஆகிவிட்டன. ஒரு சிறு பகுதி மட்டும் ஆகவில்லை. 2019இல் வெளியான அந்த ஆய்வில் நான் முக்கியமாக நினைப்பது வேறு. திரும்பி வந்த பிறகு ஸ்காட்டின் சிந்தனை வேகமும் துல்லியமும் குறைந்து, அந்த நிலை ஆறு மாதம் வரை நீடித்தது. மேலே இருந்தபோது அவ்வளவு குறையவில்லை.

ஆக, இறங்கிய பிறகான நாட்கள்தான் கடினமானவை. அங்கேதான் செவ்வாய்ப் பயணத்தின் முடிச்சும் இருக்கிறது. ஏழெட்டு மாதம் மிதந்துவிட்டுப் போய் இறங்கும் இடத்தில் ஸ்ட்ரெச்சரோடு காத்திருக்க ஆள் இருக்காது. தாங்களே எழுந்து, உடையை மாட்டி, வேலையைத் தொடங்க வேண்டும். வலேரி பொல்யகோவ் இதை நிரூபிக்கவே போனவர். மருத்துவரான அவர் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் தொடர்ந்து 437 நாள் இருந்து 1995 மார்ச்சில் இறங்கினார். ஒரே பயணத்தில் அவ்வளவு நாள் இன்றுவரை வேறு யாரும் இருந்ததில்லை. கலத்திலிருந்து பக்கத்தில் போட்டிருந்த நாற்காலி வரை தூக்கிப் போக வேண்டாம் என்று தானே நடந்தார். சில அடி தூரம்தான். மனிதன் செவ்வாய்க்குப் போய் இறங்கி வேலை செய்ய முடியும் என்று காட்ட அந்தச் சில அடி போதும் என்று அவர் நினைத்தார்.

போதுமா என்று இன்னும் சொல்ல முடியாது. செவ்வாயில் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் 38 சதவீதம், நிலவில் ஆறில் ஒரு பங்கு. முழு ஈர்ப்பில் உடல் எப்படி இருக்கும் என்று தெரியும், எடையே இல்லாதபோது எப்படி ஆகும் என்றும் இப்போது ஓரளவு தெரியும். நடுவில் உள்ள ஈர்ப்பில் மனிதர்கள் இருந்த மொத்த அனுபவம் நிலவில் இறங்கிய 12 பேருடையது மட்டுமே. அதில் மிக நீண்டது அப்போலோ 17, மூன்று நாளுக்குச் சற்று மேல். எலும்பு கரைவதை நிறுத்த எவ்வளவு ஈர்ப்பு போதும் என்பதை மூன்று நாளில் அறிய முடியாது. அதனால் இப்போது எலிகளிடம் கேட்கிறார்கள். விண்வெளி நிலையத்தில் ஜப்பானின் கிபோ ஆய்வுக்கூடத்தில் எலிகளைச் சுழற்றி, நிலவின் ஈர்ப்புக்குச் சமமான விசையில் வளர்த்துப் பார்த்தார்கள். கால் தசை மெலிவது நின்றது. ஆனால் அந்தத் தசையில் நீண்ட நேரம் நிற்க உதவும் இழைகள் வேறு வகை இழைகளாக மாறுவது நிற்கவில்லை.